மேட்டூர் கரண்ட்: நெல்லுக்குப் போகும் வழியில் கிடைப்பது



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சார், மேட்டூர்ல தண்ணி ததும்புது. இங்க கரண்ட் கட் ஆகுது. திறந்துவிட்டு டர்பைனை ஓட்ட வேண்டியதுதானே?" திருவாரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன நம் பள்ளிப் பெண் அதற்குக் காரமாகவே பதில் போட்டுவிட்டாள். இருவரும் என் பிள்ளைகள்தான். குழுவில் எழுதினால் நீளும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. காலி. 120 அடி நிரம்பிய மேட்டூரில் இருப்பது 93.47 டி.எம்.சி. புது வரத்து இல்லாமல் அந்த வேகத்தில் திறந்துகொண்டே போனால் ஏறக்குறைய மூன்று மாதம்தான் தாங்கும். அதுவும் மட்டம் இறங்க இறங்க, விழும் உயரம் குறைவதால், அதே அளவு தண்ணீரில் கிடைக்கும் மின்சாரமும் குறையும். ஒன்பதாம் வகுப்பில் நிலையாற்றல் நடத்தியபோது இதைத்தான் சொன்னேன், தம்பி கடைசி பெஞ்சில் இருந்தான்!

இந்த அணை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. மைசூரும் சென்னை மாகாணமும் 1924இல் ஒப்பந்தம் போட்ட பிறகு, 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டில் ஆளுநர் ஸ்டான்லி பெயரில் திறக்கப்பட்டது. தஞ்சை வயலுக்குக் காலத்தில் தண்ணீர் போக வேண்டும் என்பதே நோக்கம். மின் உற்பத்தி 1937இல்தான் ஆரம்பம். இன்று அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர் இவை வழியாக இறங்கிப் போகிறது. டெல்டாவில் நல்ல மழை பெய்து, தண்ணீர் போதும் என்று திறப்பைக் குறைத்தால் இங்கே மின்சாரமும் குறையும். வெள்ளக் காலத்தில் பதினாறு கண் மதகு வழியே போவதில் ஒரு யூனிட்கூட வராது, பார்க்கத்தான் அழகு. ஆனால் இறங்கிய தண்ணீர் அத்தோடு சும்மா போவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கீழே வரிசையாக உள்ள கதவணைகளில் திரும்பவும் டர்பைன் சுற்றுகிறது.

ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பது பாசன வழக்கம். 2020இல் எட்டு வருடம் கழித்து ஜூன் 12 அன்று திறந்தார்கள். அந்த எட்டு வருடமும் குறுவை போட முடியாமல் தவித்தவர்கள் வீட்டு மருமகள் அவள். கோபம் வராமல் என்ன செய்யும்?

தம்பிக்கு இன்னொன்று. அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அனல் மின்நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட், அணை மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்ததைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அதற்கும் தண்ணீர் இந்த அணையிலிருந்துதான். அணையை வறள விட்டால் அந்தக் கரண்டுக்கும் ஆபத்து.

நெல்லா கரண்டா என்ற சண்டையில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு. நீர்த்தேக்கத்தின் பரப்பு 59 சதுர மைல். அதற்குள் ஊர்கள் இருந்தன, என் ஆயா பிறந்த ஊர் உட்பட. தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தெரியும், இரட்டைக் கோபுர தேவாலயம் தெரியும். செய்தியில் படம் போடுவார்கள், நாமும் போய் செல்ஃபி எடுத்துக்கொள்வோம். ஆயா அங்கே போனால் நந்தியைப் பார்க்க மாட்டாள். சேற்றில் நின்று, "எங்க கெணறு இந்தப் பக்கந்தான் சாமி" என்று கையைக் காட்டுவாள். மண் மூடிப்போன இடத்தில் எனக்கு எதுவும் தெரியாது. மேட்டுக் காட்டில் குடியேறிய அவர்களுக்கு மானம் பார்த்த விவசாயம். கண்ணெதிரே கடல் மாதிரி தண்ணீர், கம்பங்காட்டில் ஈரமில்லை. மேற்கு, கிழக்குக் கரை வாய்க்கால்கள் பின்னாளில் வந்தன, 45,000 ஏக்கர் பாய்கிறது. அதுவும் அணைக்குக் கீழே உள்ள ஊர்களுக்குத்தான். ஆயா வீட்டுக்கு முதல் பல்பு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு.

அந்த ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் மாணவர்களில் நிறைய உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் எந்த ஊர், எங்கே குடியேறினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய பத்திரம் இருந்தால் ஊர்ப் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள், போதும்.