பொம்மைக்கு ஓர் ஓலைத் தொப்பி

பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டினால் வேலணை. முதலில் இருபுறமும் கடல், பிறகு எங்கும் பனை. 1990இல் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் ஊர் திரும்பிய அக்கா ஒருவரைக் காணப் போயிருந்தேன். போரில் கணவரை இழந்தவர். பெட்டியும் பாயும் இழைத்தே பிள்ளைகளைப் படிப்பித்தவர்.

அன்று அவர் மடியில் ஒரு பார்பி பொம்மை கிடந்தது. 1959இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, 11½ அங்குல உயரப் பொம்மை. கனடாவிலிருந்து வந்த உறவினரின் மகள், இளவேனிலுக்குப் போட ஒரு தொப்பி கேட்டாளாம். அங்கே பனி கரைந்ததும் கம்பளித் தொப்பிக்கு ஓய்வு. பொம்மைக்கும் அப்படித்தானே!

அக்கா பொம்மையின் தலையைக் கூந்தலோடு சேர்த்து நூலால் அளந்தார். காய்ந்த சார்வோலையில் ஈர்க்கு நீக்கி, மெல்லிய இழைகளாக வார்ந்து, ஈரத்துணியில் சுற்றினார். காய்ந்த ஓலை மடக்கினால் வெடிக்கும். பனங்கட்டிக் குட்டானைப் போல அடியைத் தொடங்கி, பக்கம் எழுப்பி, ஓலையை வெளியே மடக்கி விளிம்பு விரித்தார். சாயத்தில் அவித்த சிவப்பு ஓலையில் ஒரு பூவும் வைத்தார்.

"பெட்டி இழைக்கிறது சுகம், தங்கச்சி. இதிலை கண் நோகுது."

ஓலை ஒரு பிடிகூடச் செலவாகவில்லை. பொழுதோ அரை நாள் போயிற்று. முன்பு ஒரு வியாபாரி, சின்னச் சாமான் என்று சின்ன விலை சொன்னாராம். அக்கா கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் செலவான மணித்தியாலத்தைக் கொப்பியில் எழுதி, அதற்கே விலை கேட்கிறார். எனக்கு அது சரியாகவே பட்டது.

நான் எழும்பும்போது, இரண்டாவது தொப்பிக்கு ஓலையை நனைத்துக்கொண்டிருந்தார்.