முப்பத்தேழு கிலோ

போனை எடுத்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டேய், அந்தப் பெட்டியை என்னடா பண்றது?" சௌக்கியமா, பிள்ளைங்க எப்படி, அங்கே பனி கொட்டுதா... ஒண்ணும் கிடையாது. மட்டாஞ்சேரி வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்கப் போறாங்களாம். மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற சாமானெல்லாம் வெளியே வரணுமாம். மற்றதெல்லாம் வந்துவிட்டது. பெட்டி மட்டும் அசையவில்லை. அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது, அண்ணிக்கு முட்டி வலி. "தூக்க முடியலைன்னா கோடாலியால உடைச்சு எடுத்துடறேன்" என்றார். இது 2024 நவம்பரில். டிசம்பரில் எப்படியும் ஊருக்குப் போகிறோம், நான் வந்து பார்த்துக்கறேன், கை வைக்காதீங்க என்று கெஞ்சி வைத்தேன்.

அண்ணன் பெட்டி என்று சொல்வது என்னுடைய பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயரை. பீவி டிஎன்டி 150. நூற்றைம்பது வாட், பதினைந்து அங்குல ஸ்பீக்கர், எல்லாம் ஒரே பெட்டிக்குள். இதைத்தான் காம்போ என்பார்கள். பேஸ் கிடார் என்றால் என்ன என்று கேட்பவர்கள், ராஜா சார் இசையில் வந்த 'ஜானி', 'மௌன ராகம்' பாட்டுக்களை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அடியில் ஒருத்தர் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போவார் இல்லையா, அதுதான். ஆனால் மேடையில் அந்த ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் "நீ என்னப்பா சும்மா நிக்கிறே?" என்று என்னைக் கேட்டதுண்டு.

மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்த தாத்தாவால் நாங்கள் மட்டாஞ்சேரிக்காரர்கள் ஆனோம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டு தெரு தள்ளினால் கொங்கணி, குஜராத்தி. அந்த ஊரில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. மெஹபூப் பாடித் திரிந்த தெருக்கள். யேசுதாஸ் 1940-இல் பிறந்தது பக்கத்து ஃபோர்ட் கொச்சியில். எங்கள் காலத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கானமேளா குழு. எங்களுடையது ஆறு பேர். பஜார் ரோட்டில் ஒரு கிடங்கின் மேல்மாடியில்தான் ரிகர்சல். கீழே சுக்கும் மிளகும், மேலே நாங்களும் தும்மலும்.

ஆம்ப் வந்தது 1994-இல். தம்மாமில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருத்தர் விற்றார். அந்தக் காலத்தில் சவூதி வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விற்றவர் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத்தான் கொடுத்தார். நான்தான் அவசரக்குடுக்கை. முதல் நாளே நேராகச் சுவரில் சொருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, நிறைய நாற்றம்.

எர்ணாகுளத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் திறந்து பார்த்து, பவர் டிரான்சிஸ்டர் போச்சு என்றார். பீவிக்காரர்கள் டிரான்சிஸ்டர் மேல் தங்கள் சொந்த நம்பரை அச்சடித்து வைப்பார்கள், கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது. முதலில் நம்மூர் சர்வரோக நிவாரணி 3055-ஐப் போட்டார். அது 60 வோல்ட் தாங்கும் சாமான். உள்ளே ஓடுவது அதைவிட அதிகம். பத்து நிமிஷத்தில் மறுபடியும் 'டப்'. அப்புறம் எம்ஜே 15003 வாங்கிப் போட்டார், அது 140 வோல்ட் தாங்கும். அன்றைக்கு எழுந்த ஆம்ப் அப்புறம் படுக்கவே இல்லை. 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் ஓடினால் கொஞ்சம் கூடச் சுடும், பின்பக்கம் காற்றுப் போக இடம் விடு என்றும் சொல்லி அனுப்பினார்.

பழைய கனமான ஆம்ப் பற்றி என் அபிப்பிராயம் பாதி இந்தக் கதையிலேயே இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரும் சாலிடரிங் அயர்னும் உள்ளவர் கையில் அது பிழைத்துக்கொள்ளும். அந்த பிளாக் விடோ ஸ்பீக்கரில் கோன் கிழிந்தால் கூடையை மட்டும் காந்தத்திலிருந்து கழற்றி வேறு மாட்டலாம். இப்போது வரும் கிளாஸ் டி ஆம்பில் ஒன்று போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். போர்டு கிடைக்காவிட்டால் குப்பை.

சரி, ஏன் இவ்வளவு கனம்? பேஸ் கிடாரின் தடித்த தந்தியைத் தட்டினால் வருவது விநாடிக்கு 41 அதிர்வு. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். எங்கள் வீட்டுக் கூடத்தைவிட நீளம்! அதைத் தள்ள நிறையக் காற்றை நகர்த்தணும், அதற்குப் பெரிய கோன், பெரிய பெட்டி. ஒலிபெருக்கி செய்கிறவர்கள் ஹாஃப்மன் விதி என்று ஒன்று சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதை விட்டுக்கொடுக்கணும். பழைய ஆட்கள் பெட்டியைப் பெரிதாக்கினார்கள், ஏனென்றால் அப்போது வாட் விலை அதிகம். இப்போது வாட் மலிவு, அதனால் பெட்டி சின்னதாகிவிட்டது.

மீதிக் கனம் இரும்பு. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கருங்கல், ஸ்பீக்கர் பின்னால் ஃபெரைட் காந்தம் இன்னொரு கருங்கல். புதியவற்றில் மின்சாரத்தை முதலில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி அனுப்புவதால் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். காந்தமும் நியோடிமியம், கையளவு.

"பழைய வாட் கனமான வாட்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாட் வாட்தான். இங்கே தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவுக்காக ஒரு சின்ன கிளாஸ் டி தலையும் (இரண்டு கிலோகூட இல்லை) பன்னிரண்டு அங்குலப் பெட்டியும் வாங்கினேன். தங்கமணி ஒரு கையில் கிடாரும் மறு கையில் சுண்டல் பாத்திரமுமாகக் காரில் ஏற்றிவிட்டாள். மேடையில் டிரம்ஸோடு சேர்ந்தபோது எனக்கு வித்தியாசம் தெரிந்தது கால் பங்குகூட இல்லை. அந்தக் கால் பங்கும் பதினைந்து அங்குலக் கோனிலும் பெரிய பெட்டியிலும்தான். இரும்பில் இல்லை. இதைச் சொன்னால் பழைய ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

கனத்துக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் டிரம்மரை எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவருடைய வாப்பா பஜார் ரோட்டில் சுமட்டுத் தொழிலாளி. அங்கே சுமை என்பது வெறும் பாரம் இல்லை. முன்பு கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்ற உலோகத் தகட்டைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள், அடித்துப் பிடித்துப் பொறுக்கினவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953-இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 'துறமுகம்' என்ற மலையாளப் படம் (2023) அந்தக் கதைதான். வாப்பா அதையெல்லாம் சின்னப் பையனாகப் பார்த்தவர். பிற்காலத்தில் நோக்குகூலி, அதாவது தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி, என்று சங்கங்களின் பெயர் கெட்டது. அரசாங்கம் 2018-இல் அதற்குத் தடை போட்டது. எங்களிடம் யாரும் கேட்டதில்லை, இக்கா கூட இருந்ததால்.

ஆம்பைத் தூக்கக் கற்றுக்கொடுத்தவரே வாப்பாதான். முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. கீழ்ப்படியில் நிற்பவன் பலசாலியாக இருக்கணும், மேல்படியில் நிற்பவன் கையை விடாதவனாக இருக்கணும். சும்மாடு என்ற சொல் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், சிரித்துக்கொண்டே ஒன்று சுற்றிக் காட்டினார். தலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "மோனே, இதுக்கு மூட்டையே தேவலை. மூட்டை உடம்போட வளைஞ்சு கொடுக்கும்" என்றார்.

1999 டிசம்பர் 31. ஃபோர்ட் கொச்சியில் புத்தாண்டு நிகழ்ச்சி. எனக்கு விசா வந்தாச்சு, ஜனவரியில் அமெரிக்கா. கிடங்கு மாடிப்படி மரத்தாலானது, கிட்டத்தட்ட ஏணி மாதிரி செங்குத்து. கீழே இக்கா, மேலே நான். பாதி வழியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே என் விரல் மாட்டியது. நசுங்கவில்லை, ரத்தம்கூட வரவில்லை. சுரீர் என்றதும் கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். மொத்தப் பெட்டியும் இக்காவின் நெஞ்சில் இறங்கியது. அவர் விடவில்லை. ஒரு படி, இரண்டு படி என்று முதுகை வளைத்தபடியே பின்னால் இறங்கித் தரையில் வைத்தார். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு ராத்திரி மூன்று மணி நேரம் டிரம்ஸும் வாசித்தார்.

மறுநாள் காலை அவரால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. டிஸ்க். வாப்பாவுக்கு அப்புறம் அவர் இடத்தில் சுமை வேலைக்குப் போவதாக ஏற்பாடு, அது நடக்கவில்லை. நான் அடுத்த சில வாரத்தில் விமானம் ஏறிவிட்டேன். ஒருமுறை நூறு டாலர் அனுப்பினேன். "எதுக்குடா?" என்று கேட்டார், பதில் சொல்லவில்லை. அப்புறம் பெருநாளுக்குப் பெருநாள் போன், இரண்டு நிமிஷம். விரலைப் பற்றி நானும் பேசவில்லை, முதுகைப் பற்றி அவரும் பேசவில்லை. இருபத்துநாலு வருஷம்.

டிசம்பரில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகப் பெட்டியைப் பாதி பாதியாகக் குளியலறைத் தராசில் சாய்த்து எடை போட்டேன். முப்பத்தேழு கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 32 கிலோதான் உச்சம். மிசிசிப்பியில் மெரிடியன் என்ற ஊர்க் கம்பெனியின் சாமான், இங்கே கொண்டு வந்தால் நேராகச் சுவரில் சொருகலாம், 120 வோல்ட்டும் 60 ஹெர்ட்ஸும் அதற்குப் பிறந்த வீட்டுச் சாப்பாடு. இருந்தும் கணக்கு உதைத்தது. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு இக்காவுக்குப் போன் பண்ணினேன். ஜூ டவுன் பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். "மோள் பேஸ் வாசிக்கிறா, தெரியுமோ? நாளைக்கு வரோம்" என்றார்.

பெண் காலேஜில் இரண்டாம் வருஷம். முதுகுப்பையிலிருந்து ஒரு கிளாஸ் டி தலையை எடுத்தாள், ஐந்நூறு வாட், புத்தகம் கனம்கூட இல்லை. பெட்டிதான் வாங்க முடியவில்லையாம். மூன்று பேரும் உட்கார்ந்து டிஎன்டியின் மேல்பாகத்தைக் கழற்றினோம். அந்தக் கருங்கல் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துச் சட்டம் வெளியே வந்துவிட்டது. வெட்டவெளியான இடத்தை ஒரு பிளைவுட் பலகையால் அடைத்து, அவள் தலையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் கொடுத்தோம். நாலு ஓம், பொருந்தியது. அவள் தடித்த தந்தியைத் தட்டினாள். மாடிப்படிக் கைப்பிடி நடுங்கியது. அண்ணி உள்ளேயிருந்து "என்ன விழுந்துச்சு?" என்றாள். ஸ்பீக்கர் வயசானது, வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பாதே மோளே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. பாரம் குறைந்திருந்தாலும் இரண்டு ஆள் சுமைதான். நான் குனிந்து ஒரு பக்கம் கை வைத்தேன். பேச வேண்டியதை அப்போது பேசினேன். குனிந்தபடியேதான், முகத்தைப் பார்த்து இல்லை. "இக்கா, அன்னைக்கு நான்தான் கையை விட்டுட்டேன்."

"தெரியும்டா. அதனாலதான் சொல்றேன், தள்ளி நில்லு" என்றார். "மோளும் ஆட்டோக்காரனும் தூக்கட்டும். நீ நோக்கி நின்னா போதும். நோக்குகூலி நான் தரேன்."

அவள் கீழ்ப்பக்கம் பிடித்தாள், முட்டியை மடக்கி. ஆட்டோ போன பிறகு கடைக்கு நடந்தோம். கூலியாக ஒரு குலுக்கி சர்பத் வந்தது, அதற்கும் காசு வாங்கவில்லை.

கழற்றின சட்டமும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கின்றன. எம்ஜே 15003 நல்ல நிலையில் உள்ளது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், இலவசம். தூக்க ஆள் மட்டும் நீங்களே கூட்டி வரணும்.