இடது கையைத் தூக்குங்க

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கடித்து மென்று தின்பவர்களோடு எனக்குச் சரிப்பட்டு வராது. வாயில் போட்டுச் சும்மா இருந்தால் போதும், அதுவாகக் கரையும். பெரியப்பா அப்படித்தான் தின்பார். ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டுக் கால் கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ராஜபாளையம் வருவதற்குள் பொட்டலத்தில் நெய்க்கறைதான் மிஞ்சும். தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு தின்பார். அதை ரசனை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை என்பது பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

2019-ல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெரியப்பா இல்லை. இருந்திருந்தால் அதைச் சாக்கிட்டு இன்னொரு கால் கிலோ வாங்கியிருப்பார். பால்கோவாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேடு தின்கிற விதத்தில்தான். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. ஒவ்வொரு தடவை இனிப்புப் பட்டபிறகும் அது அடங்க அரை மணி நேரம் போல ஆகும். ஆகவே ஒரேயடியாகத் தின்று வாய் கொப்பளிப்பதைவிட, பஸ் பயணம் முழுக்க விள்ளல் விள்ளலாகத் தின்பதுதான் பல்லுக்குக் கேடு.

சொத்தைப் பல்லைக் காட்டத் தயங்கினார் என்பதற்காக அவரைப் பயந்த சுபாவக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராஜபாளையம் நாய் வளர்த்தவர். அந்நியரை அண்டவிடாத அந்த வெள்ளை நாயின் வாய்க்குள் கையை விட்டு, பல்லில் மாட்டிய எலும்பை எடுத்துப்போடுவார். தன் வாய்க்குள் இன்னொருத்தர் கை வருவதுதான் அவருக்கு ஆகாது. நூற்பாலை இரைச்சலில் காலம் தள்ளியவர், பல் டாக்டர் அறைக்குள்ளிருந்து வந்த மெல்லிய கீச்சொலியைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

அது காற்று விசையால் சுழலும் கருவியின் சத்தம். 1957-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோதே நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுற்றியது. அதற்கு முன்பிருந்த கருவிகள் மெதுவாகச் சுற்றி மண்டையையே அதிர வைக்கும். நோயாளிக்கு நல்லது செய்ய வந்த கருவி சத்தத்தாலேயே பேரைக் கெடுத்துக்கொண்டது.

வாசனையும் அப்படித்தான். பல் ஆஸ்பத்திரி வாசனை என்று நாம் சொல்வதில் கிராம்புக்குப் பெரும்பங்கு உண்டு. தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்தில் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் சேர்கிறது. பெரியம்மா அடுக்களையில் நசுக்கிக் கொடுத்ததும் அதே கிராம்புதான். அவள் கையால் வாங்கிப் பல்லில் வைத்துக்கொண்டவருக்கு ஆஸ்பத்திரியில் அது குமட்டியது. கிராம்புக்கும் கேட்காவிட்டால் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொல்வார்கள், பூச்சி விழும் என்று. சொத்தைக்குள் பூச்சி எதுவும் கிடையாது. இதையெல்லாம்விட மோசம், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிற பேச்சு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பெரியப்பாவுக்கு வலித்தது கீழ்ப்பல். அவரும் கண்ணைத்தான் காரணம் காட்டினார்!

கடைசியில் கன்னம் வீங்கி, துண்டை வைத்துத் தாடையைக் கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் நடந்த பிறகுதான் போனார். ஊசி போட்டும் வலித்தது. “மரத்திருச்சானு கேட்டாரு, பதில் சொல்றதுக்குள்ள இழுத்துட்டாரு” என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் யாரோ, அவசரம் என்னவோ. ஆனால் ஊசி சரியாக வேலை செய்யாததற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கும். 1943-ல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெய்ன்தான் இன்றும் பல் டாக்டர்கள் பரவலாகப் போடும் மரத்துப்போக வைக்கும் மருந்து. வீங்கிச் சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். மருந்து நரம்புக்குள் புகுவது குறைந்துவிடும். பயந்து தள்ளிப்போட்டால் வீக்கம். வீக்கத்தோடு போனால் ஊசி கேட்காது. வலித்தால் பயம் நியாயமாகிவிடும். பெரியப்பா இந்தச் சுழலில்தான் மாட்டினார். ஊரில் பாதிப்பேர் மாட்டுவதும் இதில்தான்.

பிடுங்கிய குழியில் ஒரு துணிச்சுருளை வைத்துக் கடிக்கச் சொல்லியிருந்தார்கள். அது எங்கள் பக்கத்துச் சரக்காகக்கூட இருக்கலாம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறியில் பேண்டேஜ் துணிதான் ஓடும். நாட்டின் எந்தெந்த மூலையிலோ ரத்தத்தை நிறுத்தும் துணியைப் பக்கத்தில் நெய்துகொண்டு, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயந்துகொண்டிருந்தோம்.

1969-ல் நார்மன் கோரா என்ற அமெரிக்கர் இந்தப் பயத்தை அளக்க நான்கே கேள்விகள் வைத்தார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்பவை முதல் இரண்டு. துளைப்பதும் சுத்தம் செய்வதும் அப்புறம்தான். ஊசி பற்றிய கேள்வி 1995-ல் சேர்ந்தது. வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பயம் வந்துவிடுகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

பிற்பாடு பெரியப்பாவுக்கு இன்னொரு பல் ஆடியபோது நான்தான் கூட்டிப்போனேன். வேறு டாக்டர், இளவயசுப் பெண். முதல் நாள் எதுவுமே செய்யவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கீச்சென்று கத்தும் கருவியை அவர் நகத்துக்குப் பக்கத்தில் ஓட்டித் தண்ணீர் தெறிப்பதைக் காட்டினார். சொல், காட்டு, பிறகு செய் என்று குழந்தைகளுக்காக 1950-களிலேயே வகுத்த முறை அது. மில்லில் ரிட்டயரானவருக்கும் பலித்தது.

“ஐயா, வலிச்சாலும் சரி, சும்மா பயமா இருந்தாலும் சரி, இடது கையைத் தூக்குங்க. நான் நிறுத்திருவேன்.”

மறுமுறை போனதும் ஊசி போடுவதற்கு முன்பே தூக்கினார். நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினார், சும்மா சோதித்துப் பார்க்கத்தான். மறுபடியும் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அந்தக் கை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

அவரை ஆட்டிவைத்தது வலியைவிட, வாயைத் திறந்து மல்லாந்து கிடக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லாததுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இதற்கும் அடங்காத பயம் சிலருக்கு உண்டு. அதற்கு மனநல ஆலோசனை இருக்கிறது, மூக்கு வழியாகத் தரும் சிரிப்பு வாயு இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்லுகிற ஆள் இருந்தால், வீக்கம் வருவதற்கு முன்பே கூட்டிப்போங்கள். “இவருக்கு ரொம்பப் பயம்” என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். நிறுத்த மாட்டேன் என்பவராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.