முன்னேசுவரத்தில் நாகசுரம்

புத்தளக் கரையோரத்திலே, சிலாபத்தை அடுத்துள்ளது முன்னேசுவரம். சென்ற ஆவணித் திருவிழாவுக்கு மாணவர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். சுவாமி வீதியுலா வருகையில், "நாகசுரத்தில் தொங்கும் கொத்து அலங்காரமா, ஐயா?" என்று வினவினான் ஒருவன்.

நாகசுரம் இருவகைப்படும். குட்டையானது திமிரி, அதன் சுருதி உயர்ந்தது. நீண்டது பாரி, அதன் சுருதி தாழ்ந்தது. பாரியைப் பெருவழக்காக்கியவர் இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). மரக்குழல் உலவு எனப்படும். அடியில் விரிந்திருப்பது அணசு. மேலே கெண்டை என்னும் உலோகக் குழாயில் சீவாளியைப் பொருத்துவர். விரலாளும் துளைகள் ஏழு. கீழுள்ள ஐந்தில் மெழுகிட்டுச் சுருதியைச் செம்மைப்படுத்துவர்.

உலவு நெடுங்காலம் உழைக்கும். நாணற் சீவாளியோ எளிதில் பழுதுறும். நடுவீதியில் அது பிளந்தால் உலா இசையிழக்கும். கொத்தாகத் தொங்குபவை மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் செப்பனிடும் ஊசியுமே. அலங்காரமன்று, தம்பி, அது வித்துவானின் முன்னெச்சரிக்கை!