முகமூடி போட்ட மீன்

ஜூன் மாதம் பீனிக்ஸில் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் பாதி ஊர் மலையேறிவிடும். நாங்களும் நாலு மணி நேரம் காரோட்டி, 8,000 அடிக்கு மேலே இருக்கும் கிரீர் என்ற சிற்றூருக்குப் போனோம். கூட ஒன்பது வயது மகளும், லீவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அக்கா மகனும். தாமிரபரணியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகியவன் அவன். அரிசோனாவில் பத்து வயதுக்குக் கீழே மீன்பிடி உரிமம் தேவையில்லை. அவனுக்கு மட்டும் எடுத்தேன்.

மறுநாள் காலை ஷீப்ஸ் கிராசிங். லிட்டில் கொலராடோ ஆற்றின் மேற்குக் கிளை அங்கே வாய்க்கால் அகலம்தான். தேடிப்போனது அப்பாச்சி ட்ரவுட் மீனை. உலகத்தில் இந்த வெள்ளை மலைகளின் குளிர் ஓடைகள் மட்டுமே அதற்குப் பூர்வீகம். தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிரவுன் ட்ரவுட் அதைத் தின்றது. ரெயின்போ ட்ரவுட் அதோடு கலந்து இனத்தையே குழப்பியது. 1972இல்தான் விஞ்ஞானிகள் அதற்குத் தனி இனப்பெயர் வைத்தார்கள். வெள்ளை மலை அப்பாச்சி பழங்குடியினரோ 1950களிலேயே தங்கள் ஓடைகளில் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அது இல்லையென்றால் மற்றவர்கள் காப்பாற்ற மிச்சமே இருந்திருக்காது என்பது என் எண்ணம். பிறகு வேற்று மீன்களை அகற்றி, அவை மேலே ஏறாமல் தடுப்பு கட்டி, பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து, 2024இல் அழிவு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். விளையாட்டாகப் பிடிக்கும் மீன்களில் அப்படி மீண்டது அமெரிக்காவில் இதுவே முதல்.

தூண்டில் முள்ளின் உள்பக்கம் எதிர்த்து நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறடால் நசுக்கினேன்.

"இப்படி நசுக்கினா மீன் கழண்டு ஓடிராதா மாமா?"

"ஓடட்டும்டே."

புழுவும் கிடையாது என்றதும் அவன் முகம் சுருங்கியது. புழுவென்றால் மீன் ஆழமாக விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் போனபின் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். இறகு கட்டிய செயற்கை ஈ பெரும்பாலும் உதட்டோடு நிற்கும்.

வெப்பமானி மகள் பொறுப்பு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கடையைக் கட்டிவிட வேண்டும். சூடு ஏற ஏற நீரில் பிராணவாயு குறையும். இழுபட்டுக் களைத்த ட்ரவுட் அதில் தேறாது. 12 காட்டியது.

முதலில் மாட்டியது அவளுக்குத்தான். கையை நனைத்துக்கொண்டாள், காய்ந்த கை பட்டால் மீனின் மேல் வழவழப்பு போய் நோய் பற்றும். நீருக்குள்ளேயே ஏந்தினாள். மஞ்சள் ஓடிய பொன் உடம்பு, இடைவெளி விட்டுக் கரும்புள்ளிகள். கண்மணிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. முகமூடி மாட்டியது போலவே இருந்தது.

"விடுறதுக்கு எதுக்குப்பா பிடிக்கணும்?"

உரிமக் காசும், தூண்டில் சாமான்களுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி போகும் வரியும்தான் மீன் பாதுகாப்புக்குச் செலவாகின்றன என்றேன். உண்மைதான், ஆனால் "அதுக்கு வலிக்குமா?" என்ற அடுத்த கேள்விக்கு அது பதிலாகாது. வலிக்கலாம், அதனால் சட்டென்று விடு என்றேன். விட்டாள். பொரிப்பகத்திலிருந்து இங்கே கொண்டுவந்து விடும் அப்பாச்சியைச் சட்டப்படி எடுத்துப்போகலாம். எங்கள் வீட்டு விதி வேறு.

கொஞ்ச நேரத்தில் மருமகனுக்கும் ஒன்று. உடனே கண்ணைப் பார்த்தான். "முகமூடி இல்ல மாமா, உடம்புல சிவப்புப் புள்ளி. பிரவுனுதானே? இது குழம்புக்கு ஆகுமா?"

ஆகும். புளி கொண்டுவராததால் ராத்திரி வறுவல்தான்: மிளகாய்த்தூள், உப்பு, பாதி எலுமிச்சை. ட்ரவுட்டுக்குச் செதில் பொடிசு, உரசவே வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் கெண்டையைவிடத் தேவலை என்று அவனே ஒப்புக்கொண்டான்.