சம்மட்டி பேசும் மொழி



கோத்தகிரி என்று தினமும் சொல்கிறோம். பஸ் போர்டில் படிக்கிறோம். கோத்தர்களின் மலை என்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தக் கோத்தர்கள்தான் நம் நீலகிரியின் பழைய இரும்புக் கொல்லர்கள். ஊர் பெயரிலேயே ஒரு பட்டறை இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கோத்தர்களுக்கு மலையில் ஏழு ஊர்கள் உண்டு. அவர்களுடைய ஊரைக் கோக்கால் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் படகர்களுக்கு மண்வெட்டியும் கொத்தும், தொதவர்களுக்குக் கத்தியும் கோடாலியும், குறும்பர்களுக்கு அரிவாளும் அவர்கள் பட்டறையில் இருந்துதான் போயின. காசு கிடையாது. படகர்கள் தானியம் கொடுத்தார்கள், தொதவர்கள் நெய் கொடுத்தார்கள், குறும்பர்கள் தேன் முதலான காட்டுப் பொருள்கள் கொடுத்தார்கள். கோத்தப் பெண்கள் பானை வனைந்தார்கள். தச்சு வேலையும் வாத்திய இசையும்கூட அவர்களுடையதுதான். கடைவீதியில் ரெடிமேட் சாமான் வந்த பிறகு, 1930களில் இந்தக் கொடுக்கல் வாங்கல் குலைய ஆரம்பித்தது. இன்று கோத்தர்களில் பலர் விவசாயத்திலும் அரசு வேலையிலும் இருக்கிறார்கள். உலை மூட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் தாத்தாவும் ஒரு கொல்லர். கீழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பட்டறை போட்டவர். போன பொங்கல் லீவில் எங்கள் பட்டறையில் மூன்று பேர் உட்கார்ந்து தொழில் பேசினார்கள். தாத்தா ஒருவர். அவருடைய பழைய சிநேகிதர், கோக்காலில் இருந்து வரும் பெரியவர் ஒருவர். அவரை நான் கோக்கால் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவது, கோயமுத்தூரில் பவர் ஹேமர் வைத்து வேலை செய்யும் என் மாமா. நான் டீ கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் தோய்ச்சல் பற்றிப் பேச்சு வந்தது. அடித்து முடித்த கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதுதான் தோய்ச்சல். அப்போது வாய் கெட்டியாகிவிடும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்கள். அப்போது தேய்த்த இரும்பின் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். மஞ்சள் வருவது சுமார் 220 டிகிரியில், நீலம் வருவது சுமார் 300 டிகிரியில். தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. கண்தான் தெர்மாமீட்டர்!

"மார்கழியில தொட்டித் தண்ணி பனிக்கட்டி மாதிரி இருக்கும். அப்படியே முக்கினா கத்தி விரிசல் விட்டுரும். முதல்ல ஒரு காய்ச்சின இரும்பைப் போட்டுத் தண்ணியோட குளிரை எடுத்துருவேன்" என்றார் தாத்தா. "நாங்களும் அப்படித்தான் ஆசாரி" என்று சிரித்தார் கோக்கால் தாத்தா.

இது சின்ன விஷயம் இல்லை நண்பர்களே. தேயிலைச் செடிக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து பண்ணுவார்கள் அல்லவா? கவாத்துக் கத்தி மழுங்கலாக இருந்தால் கிளை பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். கத்தியின் வாய் நன்றாக இருந்தால்தான் தோட்டம் நன்றாக இருக்கும். நம்மில் எத்தனை வீட்டில் அந்தத் தோட்டத்தை நம்பி அடுப்பு எரிகிறது!

பிறகு மாமா பவர் ஹேமர் பற்றிச் சொன்னார். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு சக்கரம். சக்கரம் சுற்றினால் லாரிப் பட்டை மாதிரி ஒரு ஸ்பிரிங் ஆடும். அதன் நுனியில் தொங்கும் கனமான தலை கீழே இருக்கும் பட்டறைக்கல் மேல் விழும். காலால் மிதியை அழுத்தினால் அடி. அழுத்த அழுத்த வேகம். நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல் விழுமாம்.

"கையால அடிச்சா ஒரு கடப்பாரை நுனிக்கு ஆறேழு தடவை காய்ச்சணும். மிஷின்ல ரெண்டே காய்ச்சல். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் இரும்பு செதில் செதிலா உதிர்ந்து வீணாப் போகுது, கரியும் வீண்" என்றார் மாமா.

கோக்கால் தாத்தா கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. அது சொன்ன பேச்சு கேக்குமா?"

எனக்கு நூலகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினியர் 1839ல் நீராவிச் சுத்தியலை வரைந்தார், 1842ல் காப்புரிமை வாங்கினார். கப்பலுக்கான பெரிய அச்சை அடிக்க அப்போது இருந்த எந்தச் சுத்தியலாலும் முடியாது என்பதால் வந்த யோசனை அது. கண்ணாடிக் கோப்பையில் முட்டையை வைத்து, கோப்பை உடையாமல் முட்டை ஓட்டை மட்டும் அந்தப் பெரிய சுத்தியலால் உடைத்துக் காட்டுவார்களாம். இதைச் சொன்னேன். "அப்ப கேக்கும்னு சொல்லு. ஆனா கேக்க வைக்கிற ஆள் வேணும்" என்றார் அவர்.

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் ஓர் அண்ணன் பல வருஷமாகச் சம்மட்டி அடிக்கிறார். எட்டுப் பவுண்டுச் சம்மட்டி. இப்போது அவருக்குத் தோள்பட்டை வலி. ராத்திரியில் கையைத் தூக்க முடியவில்லை. மிஷின் வந்தால் அவர் தோள் பிழைக்கும், கூலி போய்விடும். மிஷின் வராவிட்டால் கூலி இருக்கும், தோள் போய்விடும். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

தாத்தாவும் அந்த அண்ணனும் வேலை செய்யும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தாத்தா கைச்சுத்தியலால் லேசாகத் தட்டுவார். தட்டின இடத்தில் சம்மட்டி விழும். மெதுவாகத் தட்டினால் மெதுவாக விழும், ஓங்கித் தட்டினால் ஓங்கி விழும். சுத்தியல் வெறும் பட்டறைக்கல்லில் 'டிங்' என்றால் நிறுத்து என்று அர்த்தம். அதுதான் அவர்கள் மொழி.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு தாத்தா அந்த அண்ணனைக் கூப்பிட்டு, "டேய், மிஷின் வந்தா மிதியில உன் காலுதான். எங்க எவ்வளவு அடிக்கணும்னு இத்தனை வருஷமா உன் கைக்குத் தெரியும். அதைக் காலுக்குச் சொல்லிக் குடு. கூலி அதேதான்" என்றார். அண்ணன் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் போகும்போது மிதியின் உயரம் எவ்வளவு என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

செகண்ட் ஹேண்ட் மிஷின் ஒன்றை மாமா பார்த்து வைத்திருக்கிறார். கரண்ட், அஸ்திவாரம், மலை ஏற்றிக்கொண்டு வரும் லாரி வாடகை என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கேட்க வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அதில் சொன்னார்கள். நாம் எல்லோரும் கை தட்டினோம். அவ்வளவு பழைய தொழிலைச் செய்கிறவரின் பிள்ளையை வகுப்பில் "இரும்படிக்கிறவன்" என்று கேலி செய்வதும் நாம்தான். இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கொத்தோ அரிவாளோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடித்தவரின் சுத்தியல் தடம் அதில் இருக்கும். யார் அடித்தது என்று பாட்டியிடம் கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன்.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்