ஓரம் வெட்டிய மழை

காலையில் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை. அன்றைய கூலியும் இல்லை. ஆதலின் தோட்டத்தில் வளர்ந்தார்க்கு மழை ஓர் அழகுப் பொருளன்று. அங்ஙனமிருந்தும் லாபுவில் நமது இளமைக் காலத்தில், ஒரு மழைப் படத்தை லயத்துச் சுவரில் ஒட்டினோம்.

ஜப்பானியரான ஹிரோஷிகே 1857இல் ஆக்கிய அச்சுச் சித்திரம் அது. மரப்பாலத்தின்மீது திடீர் மழை. குடைக்கடியில் ஒடுங்கி விரையும் மனிதர். மழையோ வெறுங் கோடுகள். அக்கோடுகளைப் பலகையிற் செதுக்கியவர் ஹிரோஷிகே அல்லர். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், வண்ணந்தேய்த்து அச்சிடுபவர் வேறொருவர். கோட்டை நிறுத்தி அதன் இருபுறத்து மரத்தையும் அகற்றவேண்டும். உளி மயிரிழை பிசகினால் மழை அறுந்துபோம். பட்டையைச் சீவி மரத்தைக் காயப்படுத்தாத கைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மலிவாய் விற்ற இத்தாள்கள் கப்பலேறிப் பாரிஸ் சேர்ந்தன. ஒளியும் நிழலுமிட்டு உருவத்தைத் திரட்டிக் காட்டப் பழகிய ஐரோப்பியர், நிழலற்ற தட்டை வண்ணத்தையும், உருவைப் பாதியில் அறுத்து நிறுத்தும் துணிவையும் அவற்றிற் கண்டனர். வான்கோ 1887இல் இம்மழையையே எண்ணெய் வண்ணத்தில் பார்த்துத் தீட்டினார். ஓரமெங்கும் வேறு அச்சுக்களினின்று ஜப்பானிய எழுத்துக்களை எடுத்து நிரப்பினார். அவற்றைப் படிக்க அவரறியார். கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

நமது பாட்டனார் 1943இல் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீண்டவர். உடன்சென்ற தம்பி மீளவில்லை. ஹிரோஷிகேயின் படத்தை யார் தீட்டியதென வினவி, விடை கேட்டதும் கிழித்தெறியச் சொன்னார். கலைக்கு நாடு ஏது என வாதாடினோம். பல்லாயிரந் தமிழரைத் தின்ற பாதையினின்று வந்தவரிடம் அவ்வாறு பேசியதை நினைக்க இன்றும் நாணுகிறோம்.

சில மாதங்கழித்து ஒரு சூழ்ச்சி செய்தோம். வான்கோவின் படத்தை ஒட்டி, “வெள்ளைக்காரர் தீட்டியது, தாத்தா” என்றோம். நெடுநேரம் பார்த்தார்.

“சயாமில் மழை இப்படித்தான் அடிக்கும்” என்றார்.

பின்னர் ஓரத்தில் விரலை வைத்து, “இது அவன் எழுத்தல்லவா?” என்றார். அவருக்கும் அது படிக்கத் தெரியாது.

“பார்த்து எழுதினது, தாத்தா.”

“மழை இருக்கட்டும். ஓரத்தை வெட்டிப்போடு.”

வெட்டினோம். வான்கோ தாமாகச் சேர்த்த ஓரம் போய்விட, எஞ்சியது ஏறக்குறைய ஹிரோஷிகேயின் படமே. அதனை அவரிடம் நாம் சொல்லவில்லை.